எட்டிப்பூவும் தலைக்கோலும்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் கவிஞர்கள் சிலருக்குப் பட்டம் வழங்குவதெனச் செயற்குழு முடிவு செய்தது. அப்பட்டங்களுக்குத் தகுந்த தமிழ்ப் பெயர்களை எழுதித் தருமாறு, தமிழ் கற்பிப்பவள் என்ற உரிமையில் என்னைப் பணித்தனர். இரண்டு மாதங்கள் ஆகியும் என்னால் அப்பணியை முடிக்க இயலவில்லை. பெயர்களுக்குப் பஞ்சமில்லை. 'கவி' என்பதன் பின் ஒரு மணியையோ ஞாயிற்றையோ சேர்த்துவிட்டால் ஒரு பட்டம் ஆகிவிடும் என்பதை நம் அழைப்பிதழ்களே காட்டும். ஆனால் 'பட்டம்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு சென்ற மனம், பழைய நூல்களினூடே நம் பூம்புகார் வீதிகளிலேயே சுற்றத் தொடங்கிவிட்டது. அவ்வாறு சுற்றியபோது கண்டவற்றையே ஈண்டு எழுதுகிறேன். பெயர்ப் பட்டியலுக்குப் பதிலாக இதனை அனுப்பியமைக்குச் செயற்குழுவினர் என்னைப் பொறுத்தருள்க.

பட்டம் என்பது முதலில் ஒரு பொருள், பெயரானது பின்னரே. நெற்றியில் கட்டும் பொற்றகட்டிற்கும் துகிலுக்கும் அப்பெயர் வழங்கியது. அதனாலேயே இன்றும் 'பட்டம் கட்டினார்கள்' என்று வினைகொண்டு முடிக்கிறோம். வேந்தன் தன் வீரனுக்குச் செய்யும் சிறப்பைத் தொல்காப்பியப் புறத்திணையியல் 'மாராயம்' என்று குறிக்கும். ஏனாதி, காவிதி முதலிய பெயர்களை அரசன் அளிப்பதே அச்சிறப்பு என்பர் உரைகாரர். எட்டி, காவிதி, ஏனாதி ஆகிய இம்மூன்றுமே பழந்தமிழரசர் வழங்கிய பட்டங்களுள் நன்கறியப்பட்டவை. வணிகருக்கு எட்டியும், அமைச்சருக்கும் உழுவித்துண்ணும் வேளாளருக்கும் காவிதியும், படைத்தலைவருக்கு ஏனாதியும் உரியன எனப் பாடநூல்கள் வரிசைப்படுத்தும். இவ்வரிசை அவ்வளவு நேரானதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

இப்பட்டங்கள் வெறுங்கையோடு வழங்கப்படவில்லை என்பதற்குச் சான்று இலக்கண உரைகளில் உள்ளது. புணர்ச்சி விதிக்கு எடுத்துக்காட்டுத் தேடிய உரையாசிரியர்கள் 'எட்டிப்பூ', 'காவிதிப்பூ', 'எட்டிப்புரவு', 'காவிதிப்புரவு' என்னும் தொடர்களைத் தந்து சென்றனர். பகரம் மிகுவதைக் காட்டுவதே அவர்கள் நோக்கம். நமக்கோ அதனால் வேறொரு செல்வம் கிடைத்தது. எட்டிப் பட்டம் பெற்றவனுக்குப் பொன்னாலான பூவும், புரவாக ஊரின் வருவாயும் உடன் வந்தன. ஏனாதிக்கு மோதிரம். இலக்கணம் வறண்டது என்று முகம் சுளிக்கும் என் மாணவியரிடம் இவ்வொற்றெழுத்தின் வரலாற்றை நான் சொல்வதுண்டு.

எட்டி என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மக்களுக்கு நினைவில் வருவது நச்சுமரம். ஈயாதவன் செல்வத்திற்கு எட்டிப் பழத்தை உவமை கூறும் பழமொழியும் உண்டு. கண்ணுக்கு அழகு, வாய்க்கு நஞ்சு. வணிகர் பட்டத்திற்கும் அம்மரத்திற்கும் உறவில்லை. பாலி மொழியில் 'செட்டி' என்பது பெருவணிகனைக் குறிக்கும். அரசன் ஏற்பளித்த ஒரு பதவியின் பெயருமாகும். புத்தருக்குச் சேதவனத்தை வாங்கியளித்த சாவத்தி நகரத்து அனாதபிண்டிகர் அத்தகையவரே. வடசொல்லும் பாகதச் சொல்லும் தமிழுக்கு வருங்கால் முதலிலுள்ள சகரம் கெடுவது பழைய வழக்கு. சமணர் அமணராயினர், சிராவணம் ஆவணி ஆயிற்று, சீகளம் ஈழம் ஆயிற்று. அவ்வழியே செட்டி எட்டியாயிற்று எனச் சொல்லாய்வாளர் கூறுவர். தனித்தமிழ் அறிஞர் சிலர் இதற்கு உடன்படார். எனக்கு முன்னவர் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகிறது. கடல் வழியும் கரை வழியும் பல மொழியாளர் வந்து கலந்திருந்த பட்டினத்தில், வணிகர் தலைவனின் பெயர் ஓரெழுத்தை இழந்து கரையேறியது வியப்பன்று.

புகார்க் காப்பியங்கள் இரண்டிலும் எட்டியர் உலவுகின்றனர். சிலப்பதிகார அடைக்கலக் காதையில் சாயலன் என்னும் எட்டி வருகிறான். அவன் மனை நோன்பிகள் பலர் புகுந்து உண்ணும் மனை. ஒரு குரங்கின் பொருட்டுங்கூட அங்கே தானம் செய்யப்பட்டது. மணிமேகலையில் வருபவனோ 'எட்டி குமரன்'. உதயகுமரன் களிறடக்கித் தேரேறி வருகையில், நாடகமகளிர் வீதியில் ஒரு மாளிகைச் சாளரத்தருகே யாழைக் கையில் வைத்துக்கொண்டு மயங்கியிருக்கிறான். கோவலன் மகள் மலர் கொய்யச் சென்றதைக் கண்ட வருத்தம் அவனுக்கு. அரசகுமரன் தேரை நிறுத்திக் காரணம் வினவும் அளவிற்கு மதிப்புடையவன். அவன் இயற்பெயர் என்ன? சாத்தனார் கூறவில்லை. தந்தையின் பட்டமே மகனுக்குப் பெயராகிவிட்டது. பட்டம் ஒருவரைத் தூக்கிப் பிடிக்கும். அவர் பெயரை மறைக்கவும் செய்யும்.

இம்மறைப்பைச் சிலம்பின் தொடக்கத்திலேயே காணலாம். கண்ணகியின் தந்தை மாநாய்கன். கோவலனின் தந்தை மாசாத்துவான். மரக்கலத் தலைவனான மகாநாவிகன், வணிகச் சாத்தின் தலைவனான மகாசார்த்தவாகன் என்னும் பெயர்களின் தமிழ் வடிவங்களே இவை எனப் பலரும் விளக்கியுள்ளனர். கடல் வாணிகமும் தரை வாணிகமும் சம்பந்தம் செய்துகொண்ட திருமணம் அது. பெற்றோர் இருவரும் தத்தம் தொழிற்சிறப்பால் மட்டுமே அழைக்கப்படுகின்றனர். பின்னர் மதுரையில் நேர்ந்தது கேட்டு மாசாத்துவான் தன் பொருளெல்லாம் தானம் செய்து பௌத்த சங்கம் புகுந்தான். மாநாய்கன் ஆசீவகரிடம் துறவு மேற்கொண்டான். துறவில் அவ்விருவரும் எப்பெயரால் அழைக்கப்பட்டனர் என்பதை இளங்கோவடிகள் சொல்லவில்லை. காப்பியத்தில் பழைய பெயர்களே நிலைத்தன.

எட்டிப்பூவைப் பெற்றவன் என வெளிப்படையாகச் சொல்லப்படுபவன் தருமதத்தன். சிறைசெய் காதையில் வரும் அக்கதை வகுப்பறையில் பெரும்பாலும் விரைந்து கடக்கப்படுவது. தருமதத்தனும் விசாகையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் குடியினர், மாமன் மக்கள். இருவரும் களவு மணம் புரிந்தனர் என ஊரில் ஓர் அலர் எழுந்தது. உண்மையன்று. விசாகை என்ன செய்தாள்? உலக அறவிக்குச் சென்று கந்திற்பாவையை நோக்கித் தன் பழி தீர்க்குமாறு வேண்டினாள். பாவை அவள் குற்றமற்றவள் என ஊரறியக் கூறிற்று. ஆயினும் ஊர் ஒருமுறை இணைத்துப் பேசிய அவனை இப்பிறவியில் மணப்பதில்லை எனக் கன்னிமாடம் புகுந்தாள். அவனும் வேறொருத்தியை மணப்பதில்லை என உறுதிகொண்டு, ஊர் துறந்து தென்மதுரை சேர்ந்தான். அங்கே பெரும்பொருள் ஈட்டி, வேந்தனிடம் எட்டிப்பூவும் பெற்று, அறுபது ஆண்டு நிரம்பும் வரை செல்வனாய் வாழ்ந்தான். மனையாள் இல்லாதவன் செய்யும் தானத்தால் பயனில்லை என அந்தணன் ஒருவன் அறிவுரை கூற, தன் ஊர் திரும்பி விசாகையைக் கண்டு, ஈட்டிய பொருளையெல்லாம் அவளிடம் ஒப்படைத்து அறம் செய்தான்.

இக்கதையை நான் பலமுறை கற்பித்திருக்கிறேன். ஆயினும் பட்டத்தைப் பற்றி எண்ணத் தொடங்கிய பின்னரே ஒன்று கண்ணில் பட்டது. ஒரே பழி இருவர்மீதும் விழுந்தது. அவன் அதனைக் கடந்து செல்ல வேறு ஊர் இருந்தது; வாணிகம் இருந்தது; இறுதியில் அரசன் அளித்த பொற்பூவும் இருந்தது. அவளுக்கோ ஒரு தூணிலிருந்த பாவையின் சொல் மட்டுமே. அது கிடைத்த பின்னும் அவள் மாடத்திற்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. தலை நரைத்து அவள் அறம் செய்து வீதியில் வந்தபோதும், அவள்மீது மாலை சூட்ட முனைந்தான் ஓர் அரசிளங்குமரன். மாலையை எடுக்கத் தன் தலைக்கு உயர்த்திய அவன் கை அங்கேயே நின்றுவிட்டது என்கிறது கதை. எட்டியின் மனைவியைச் சிறப்பித்து 'எட்டிமகள்' என்றோ வேறாகவோ சொல்லும் வழக்கு இருந்திருக்கலாம். விசாகைக்கு அதுவும் இல்லை.

அவ்வாறாயின் பெண்ணுக்குப் பட்டமே இல்லையா என நம் வட்டத்துப் பெண் கவிஞர்கள் வினவக்கூடும். இருந்தது. அதுவும் புகாரில், அரசவையில், முழு முறைமையோடு வழங்கப்பட்டது. அதுதான் தலைக்கோல். போரில் தோற்றோடிய வேந்தனின் வெண்குடைக் காம்பே அக்கோலின் மூலம். கணுக்களில் மணி பதித்து, பொற்றகட்டால் பொதிந்து, அரசன் மனையில் வைத்துப் போற்றினர். அரங்கேறும் நாளில் பொற்குடத்து நீராட்டி மாலை சூட்டி, பட்டத்து யானையின் கையில் தந்தனர். அரசனும் ஐம்பெருங்குழுவும் தேரை வலம்வந்து, அதனைத் தேர்மீதிருந்த கவிஞனிடம் கொடுத்தனர். அவன் ஊர்வலமாகக் கொணர்ந்து அரங்கில் வைத்தான். நம் கவிஞர்கள் கருத இங்கே ஒன்றுண்டு: அச்சடங்கில் புலவன் பட்டம் பெறுபவனாக நிற்கவில்லை, மற்றொரு கலைஞரின் சிறப்பைக் கையில் ஏந்தி வருபவனாக நின்றான்.

மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் அவையேறினாள். ஆடி முடித்தபின் அரசனிடம் பச்சை மாலையும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் என்னும் மதிப்பும், தலைக்கோற் பட்டமும் பெற்றாள். அடுத்த காட்சி உடனே தொடர்கிறது. நகர நம்பியர் திரியும் வீதியில் கூனி ஒருத்தி அம்மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு கொடுத்து மாலையை வாங்குபவன் மாதவிக்கு ஏற்றவன் என்று விலை கூறுகிறாள். கோவலன் வாங்கினான். அரசன் கலைக்கு இட்ட மதிப்பு, பொழுது சாய்வதற்குள் ஆளுக்கு இட்ட விலையாயிற்று. எண் மாறவில்லை, அதே ஆயிரத்தெட்டு. அரங்கேற்று காதையை அரங்க அளவுகளுக்கும் யாழ்ப் பண்களுக்குமாகவே படிக்கிறோம். விரற்கணக்கில் அரங்கை அளந்த அடிகள், இந்தக் கணக்கையும் அருகிலேயே வைத்திருக்கிறார். பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் தலைக்கோலி என்னும் பட்டம் தாங்கிய ஆடல்மகளிரைக் காண்கிறோம். அப்பெயர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நின்றது என்பதில் பெருமைகொள்வதா, அதனோடு வந்த விலையையும் நினைப்பதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

இனிக் காவிதி. மதுரைக்காஞ்சி காவிதி மாக்களை அரசனைச் சூழ்ந்த அமைச்சர் நிலையில் காட்டும். ஆனால் மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குகைத்தளத்தில், 1882இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில், வெள்ளறை நிகமத்தைச் சேர்ந்த காவிதி ஒருவன் கொடை அளித்துள்ளான். நிகமம் என்பது வணிகர் குழு. இக்கல்வெட்டுகள் பொது ஆண்டிற்கு முன் இரண்டாம் நூற்றாண்டின எனக் கருதப்படுவன. ஆகவே 'வணிகருக்கு எட்டி, வேளாளருக்குக் காவிதி' என்னும் நம் பாடநூல் வரிசை, கல்லின்முன் சற்றே தடுமாறுகிறது. உரைகாரர்கள் எழுதிய காலத்தில் இப்பட்டங்கள் வழக்கொழிந்து பல நூற்றாண்டு கடந்திருந்தன என்பதை மறத்தலாகாது.

ஏனாதியைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. புறநானூற்றில் சோழிய ஏனாதி திருக்கிள்ளி பாடப்பெற்றுள்ளான். குறுந்தொகைப் புலவருள் பாண்டியன் ஏனாதி நெடுங்கண்ணனார் ஒருவர். நற்றிணையில் ஆவூர்க் காவிதிகள் சாதேவனார் உளர். பட்டம் பெற்றோரும் பாடினர் என்பதற்கு இவை சான்று. ஏனாதிநாத நாயனாரும் வாட்பயிற்சி அளித்த குடியில் வந்தவரே. நிகண்டுகளில் ஏனாதி என்பதற்கு மந்திரி என்றும் பொருளுண்டு. நாவிதன் என்றும் பொருளுண்டு. சொற்களுக்கும் ஏற்றத்தாழ்வு நேர்கிறது.

பூம்புகாரிலிருந்து நாங்கூர் சில கல் தொலைவுதான். இன்று பதினொரு திருப்பதிகளுக்காகவும் தைத்திங்கள் கருடசேவைக்காகவும் அறியப்படும் அவ்வூர், பண்டு வேள் ஒருவனின் ஊர். கரிகாலனின் தந்தை அழுந்தூர் வேளிடத்தும், கரிகாலன் நாங்கூர் வேளிடத்தும் பெண் கொண்டனர் என நச்சினார்க்கினியர் எழுதுகிறார். வேள் என்னும் சிறப்புப் பெயர் சோழநாட்டில் உழுவித்துண்டோர்க்கு உரிமையாயிற்று என்றும் அவர் கூறுகிறார். நெல் விளைந்த மண்ணிலிருந்து அரசனுக்கு மகட்கொடை நேரும் தகுதி பிறந்தது என்பது இதன் பொருள். பிற்காலச் சோழர் ஆட்சியில் அவ்வேள் 'வேளான்' ஆகி, அரசன் பெயரையும் தலையில் ஏற்றுக்கொண்டு 'மூவேந்தவேளான்' என நீண்டது. இன்ன ஊருடையான் இன்னானான இராசராச மூவேந்தவேளான் என்பது போலக் கல்வெட்டில் வரும். நிலமுடைய அதிகாரிகள் மூவேந்தவேளாராயினர், அந்தணர் பிரமராயராயினர், பிறர் பல்லவரையரும் பேரரையரும் ஆயினர். தஞ்சைப் பெரியகோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாபதி கிருஷ்ணன் இராமன், மும்முடிச்சோழ பிரமராயன்.

இக்கல்வெட்டு வழக்கில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஆன' என்னும் சிறுசொல். இயற்பெயருக்கும் பட்டத்திற்கும் இடையே அது நின்று இரண்டையும் காத்தது. எட்டிகுமரனுக்கு நேர்ந்தது மூவேந்தவேளாருக்கு நேரவில்லை. ஊர், பெயர், பட்டம் மூன்றும் கிடைத்தமையால்தான் சுப்பராயலு, நொபுரு கராசிமா போன்றோர் சோழர் கல்வெட்டுப் பெயர்களையெல்லாம் தொகுத்து எண்ணி, அக்காலச் சமுதாயத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடிந்தது. இன்னொன்றும் நோக்கத்தக்கது. இராசராசன் தன் பெயரை நிலக்கிழார்க்கு மட்டும் தரவில்லை. பெரியகோயிலின் சிற்பி குஞ்சரமல்லன், இராசராசப் பெருந்தச்சன். அக்கோயிலில் மழித்தல் தொழில் செய்தவனும் இராசராசப் பெருநாவிசன் என்னும் பெயரைப் பெற்றான். அத்தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கு வீடும் நெற்பங்கும் வகுக்கப்பட்டன. அவர்தம் பெயர்களும் ஊர்களும் ஒவ்வொன்றாகக் கல்லில் உள்ளன.

எட்டி என்னும் பெயர் புகார் அழிந்தபின்னும் முற்றும் மறையவில்லை. சாத்தூர்ப் பக்கம் எருக்கங்குடிக் கல்வெட்டில், ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், இருப்பைக்குடி கிழவன் எட்டி சாத்தன் என்பவன் காட்சி தருகிறான். அவன் செய்த பணிகளுள் ஏரி, குளம் அமைத்தலும் உண்டு. கப்பலோட்டிய பட்டினத்தின் பட்டம், கரிசல் காட்டில் நீர்நிலை வெட்டுபவனின் பெயரோடு ஒட்டி நிற்கிறது.

ஆங்கிலேயர் காலத்து ராவ்சாகிப், ராவ்பகதூர், திவான் பகதூர் ஆகியவற்றை நம் மாவட்டத்துப் பழைய மிராசுதார் வீடுகளின் பெயர்ப்பலகைகளில் இளமையில் கண்டிருக்கிறேன். சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் நமக்குத் திருப்பித் தந்த உ.வே. சாமிநாதையருக்கு 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் கிடைத்தது. இன்று அவரை அப்பட்டத்தால் நாம் அழைப்பதில்லை, 'தமிழ்த் தாத்தா' என்கிறோம். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் 1918இல் தம் பட்டங்களைத் துறந்தார். அடுத்த ஆண்டு, பஞ்சாபில் நடந்த படுகொலையை எதிர்த்துத் தாகூர் தம் 'சர்' பட்டத்தை விட்டார். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்பு, படைத்துறைச் சிறப்பும் கல்விச் சிறப்பும் அல்லாத பட்டங்களை அரசு வழங்கலாகாது எனத் தடுத்தது. 1954இல் தோன்றிய பாரத ரத்னா, பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல என்றும், ஆதலின் அவற்றைப் பெயரின் முன்னும் பின்னும் இணைத்தலாகாது என்றும் உச்சநீதிமன்றம் 1995 திசம்பரில் தீர்ப்பளித்தது. எனக்கு விலக்கு உண்டு. 'முனைவர்' கல்விச் சிறப்பு. ஆயினும் அழைப்பிதழில் அச்சொல் விடுபட்டபோது எனக்குள் எழுந்த சிறு வருத்தத்தை மறைப்பது நேர்மையாகாது. மாநாய்கனைப் பற்றி எழுதும் உரிமை எனக்கு அவ்வளவுதான்.

இலக்கிய வட்டங்களைச் சட்டம் தடுக்கவில்லை. நாம் யாருக்கும் எப்பெயரையும் சூட்டலாம். ஆனால் எட்டியோடு பூவும் புரவும் வந்தன. ஏனாதியோடு மோதிரம் வந்தது. பெருந்தச்சனுக்கும் தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் நெல் வந்தது. நாம் தருவது ஒரு சால்வையும் கண்ணாடிச் சட்டமிட்ட தாளும். அதனைப் பெறும் கவிஞர், தம் கையெழுத்துப் படியை அச்சிட வழியின்றி வீட்டில் வைத்திருக்கிறார். நம்முள் அத்தகையோர் சிலர் உளர் என்பதை உறுப்பினர் யாவரும் அறிவர். பெயர் குறித்து நாணச் செய்ய விரும்பவில்லை.

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குப் பட்டம் எதுவும் இல்லை. ஊரும் பெயருமே உண்டு. கரிகாலன் அவருக்குப் பதினாறு நூறாயிரம் பொன் தந்தான் என்கிறது கலிங்கத்துப்பரணி. அத்தொகை புலவர் கூறும் புகழ்ச்சிக் கணக்காகவே இருக்கட்டும். 1219ஐ ஒட்டி மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் அழித்தபோது, அப்பாட்டு அரங்கேறியதாகச் சொல்லப்பட்ட பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டுச் செய்யுள் ஒன்று கூறுகிறது. பகைவன் ஒரு பாட்டின் பொருட்டு விட்டுவைத்த கட்டடம் அது.

எனவே செயற்குழுவிற்கு என் வேண்டுகோள் இது. பட்டங்களுக்கென ஒதுக்கிய தொகையைக் கொண்டு, இவ்வாண்டு இரு கவிஞர்களின் நூல்களை வட்டமே அச்சிட்டு, அச்சுச் செலவு போக வருவதை அவர்களிடமே தருக. அந்நூல்களை விழா மேடைக்கு ஏந்தி வரும் பணியைப் பிற கவிஞர்கள் ஏற்க வேண்டும். தலைக்கோலைத் தேரில் ஏந்தி வந்த கவிஞனை நினைந்தே இதனைக் கேட்கிறேன். அட்டையில் ஊர்ப்பெயரும் இயற்பெயரும் இருக்கட்டும். அப்படியும் பட்டம் வேண்டும் எனப் பெரும்பான்மையோர் விரும்பின், பெயர்களை எழுதித் தர நான் ஆயத்தமாகவே உள்ளேன். ஒரே ஒரு நிபந்தனை: கல்வெட்டில் உள்ளதுபோல், பெயருக்கும் பட்டத்திற்கும் நடுவே 'ஆன' என்ற சொல்லை அச்சிட வேண்டும்.